பக்கத்து நாட்டுக்காரன் எல்லைல வந்து நிக்கிறான்: ஆர்ச்சரா (வில் வீரன்), மதிலா, என்காம்ப்மென்ட்டா (படை முகாம்), இல்ல 25 கோல்டு குடுத்து கும்புடு போடுறதா?

சிவிலைசேஷன் 6 (டர்ன் டர்னா ஆடி ஒரு நாட்ட வளக்குற கம்ப்யூட்டர் கேம்) ஆடுற யாருக்கும் இந்த சீன் தெரியும். முப்பது நாப்பது டர்ன் நல்லா போயிருக்கும், ரெண்டாவது சிட்டி போட்டாச்சு, பில்டர் ஒருத்தன் சுரங்கம் வெட்டிட்டு இருப்பான், அப்பதான் மேப்போட ஓரத்துல வேற கலர்ல நாலஞ்சு வாரியர் சும்மா நடந்து போற மாதிரி உங்க பக்கம் வருவாங்க. கைல 60 ப்ரொடக்ஷன் (எதையும் கட்ட சிட்டி போடுற உழைப்பு) இருக்கு, 100 கோல்டு இருக்கு, என்ன பண்றதுன்னு தெரியாம ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. 2020 மே மாசம் எபிக் ஸ்டோர்ல ஃப்ரீயா குடுத்தப்ப வாங்கி வெச்சவங்க நிறைய பேரு இந்த இடத்துலதான் மாட்டி கேம மூடிட்டு போயிட்டாங்கன்னு நெனைக்கிறேன். இப்பவும் புதுசா ஆடுறவங்க கேக்குற கேள்வி இதேதான்: "எல்லைய காக்க எத கட்டுறது?"

எனக்கு தெரிஞ்சு எல்லாத்துக்கும் ஒரே பதில் கெடையாது, ஆனா ஒவ்வொண்ணுக்கும் வெளிய தெரியாத ஒரு செலவு இருக்கு, அத தெரிஞ்சுகிட்டா முடிவு எடுக்குறது ஈஸி. கீழ வர்ற கணக்கு எல்லாம் கேதரிங் ஸ்டார்ம் எக்ஸ்பான்ஷன், ஸ்டாண்டர்ட் ஸ்பீடு. வேற ஸ்பீடுல நம்பர் மாறும், நியாயம் மாறாது.

## எத வெச்சு அளக்குறது?

முதல் விஷயம், நேரம். எதிரி கண்ணுல பட்ட பிறகு ஆரம்பிச்சா வேல செய்யுமா, இல்ல பத்து டர்ன் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணுமா? இதுதான் எல்லாத்தையும் விட பெருசு, ஆனா யாரும் இத மொதல்ல யோசிக்கிறதில்ல. கட்ட ஆரம்பிச்சு பாதில இருக்குற மதில் ஒண்ணுமே இல்லாததுக்கு சமம்.

ரெண்டாவது, அது எத காக்குது. சிட்டி சென்டர் மட்டுமா, இல்ல சுத்தி இருக்குற வயல், சுரங்கம், வெளிய சுத்துற பில்டர், ட்ரேடர் எல்லாத்தையுமா? சிட்டிய இழக்காமலே கேம் தோத்துப்போன ஆளுங்க நிறைய இருக்காங்க, ஏன்னா எதிரி உள்ள புகுந்து எல்லா டைலையும் (மேப்புல உள்ள கட்டம்) பில்லேஜ் பண்ணிட்டு, அதாவது கொள்ளையடிச்சு பாழாக்கிட்டு, போயிருப்பான், அத சரி பண்ணவே இருபது டர்ன் ஓடிரும்.

மூணாவது, ஒவ்வொரு டர்னும் எவ்ளோ கோல்டு திங்குது. நாலாவது, சண்ட முடிஞ்ச பிறகு அதால என்ன பிரயோஜனம். அஞ்சாவது கொஞ்சம் நுணுக்கமானது: ஏஐ, அதாவது மத்த நாட்ட ஆடுற கம்ப்யூட்டர், அத பாக்குதா? ஏஐ உங்க மேல பாயலாமான்னு யோசிக்கும்போது உங்க மிலிட்டரி ஸ்ட்ரெங்த் நம்பர கணக்குல எடுக்கும், அந்த நம்பர் யூனிட்ட வெச்சு வர்றது. மதில் எவ்ளோ ஒசரமா கட்டுனாலும் அதுல ஏறாது. அதாவது மதில் மட்டும் கட்டி பட சுத்தமா இல்லாம இருந்தா, உங்கள அடிக்கிறது கஷ்டம், ஆனா அடிக்க வர்றது நிச்சயம்.

அவசரத்துல இருக்கவங்களுக்கு ஒரு அட்டவண:

| | ஆரம்ப செலவு | டர்னுக்கு கோல்டு | கடைசி நேரத்துல முடியுமா | எத காக்கும் | ஏஐ பயப்படுமா |
|---|---|---|---|---|---|
| ஆர்ச்சர் கூட்டம் | ஒண்ணுக்கு 60 ப்ரொடக்ஷன் | ஒண்ணுக்கு 1 | கோல்டு இருந்தா முடியும் | சிட்டி, டைல் ரெண்டும் | ஆமா |
| மதில் | 80 ப்ரொடக்ஷன் | 0 | முடியாது | சிட்டி, சுத்தி 2 டைல் வரைக்கும் அம்பு | இல்ல |
| என்காம்ப்மென்ட் | போகப்போக ஏறும், மதில் செலவு தனி | கம்மி | சுத்தமா முடியாது | ஒரு வாசல் | நேரடியா இல்ல |
| முன்னாடி போய் அடிக்கிறது | கைல இருக்குற யூனிட் | அந்த யூனிட்டுக்கு உள்ளது | பார்பேரியனுக்கு (எந்த நாட்டையும் சேராத கொள்ளக் கூட்டம்) மட்டும் | எல்லாமே | ஓரளவு |
| நட்பு | 25 கோல்டுல ஆரம்பம் | 0 | பெரும்பாலும் முடியாது | அந்த ஒரு நாட்டுகிட்ட இருந்து எல்லாமே | தேவையே இல்ல |

## ஆர்ச்சர் கூட்டம்

நான் எந்த பக்கம்னு மறைக்க வேணாம். முதல் நூறு டர்னுக்கு எல்லைய காக்க ஆர்ச்சர விட நல்லது ஒண்ணும் கெடையாது. ஆனா ஏன்னு கணக்கு போட்டு பாத்தாதான் எங்க அது கால வாரும்னும் தெரியும்.

இந்த கேம்ல ஒவ்வொரு யூனிட்டுக்கும் 100 எச்பி (உயிர் அளவு). ரெண்டு பேருக்கும் பலம் சமமா இருந்தா ஒரு அடிக்கு சுமாரா 30 போகும், வித்தியாசம் கூடக்கூட அது வேகமா ஏறும். ஆர்ச்சரோட தூர அடி பலம் 25, வாரியர் பலம் 20. அப்ப ஒரு அம்புக்கு 36 வாக்குல போகும், மூணு ஆர்ச்சர் சேந்தா ஒரு டர்னுக்கு ஒரு வாரியர் காலி, திருப்பி அடியே கெடையாது. டெய்ட்டில, அதாவது இருக்குறதுலயே கஷ்டமான லெவல்ல, ஏஐ-க்கு எல்லா சண்டைலயும் +4 உண்டு, அங்க ஒரு அம்புக்கு 31 தான் வரும், அதனால மூணு பத்தாது, நாலு வேணும். அந்த லெவல்ல ஏஐ ஆரம்பிக்கிறதே 5 வாரியரோடன்றத மறந்துறாதீங்க.

இப்ப அதே ஆர்ச்சர் ஸ்வார்ட்ஸ்மேன் மேல விட்டா? அவன் பலம் 35 வாக்குல இருக்கும். ஒரு அம்புக்கு 20 தான் எறங்கும், ஒருத்தன கொல்ல அஞ்சு அம்பு வேணும், அதுக்குள்ள அவன் கிட்ட வந்துருவான், வந்தா ஆர்ச்சரோட கைச்சண்ட பலம் வெறும் 15, ரெண்டு வெட்டுல போயிருவான். இதுதான் ஆர்ச்சரோட எக்ஸ்பைரி டேட்: பக்கத்து நாட்டுக்காரன் இரும்பு எடுத்துட்டான்னு தெரிஞ்சா மெஷினரி டெக் (டெக்னாலஜி ஆராய்ச்சி) பக்கம் ஓடணும், அதுல வர்ற க்ராஸ்போமேன் பலம் 40. மூணு ஆர்ச்சர் கைல இருந்தாலே மெஷினரிக்கு யுரேக்கா (அந்த ஆராய்ச்சி சீக்கிரம் முடிய உதவுற போனஸ்) கெடச்சிரும், அதனால ஆர்ச்சருக்கு போட்ட காசு வீணாகாது.

செலவுல ஒரு ட்ரிக் இருக்கு. ஆர்ச்சரி டெக் முடியறதுக்கு முன்னாடியே ஸ்லிங்கர் (கவண் வீரன்) கட்டி வெச்சுக்கோங்க, ஒண்ணு 35 ப்ரொடக்ஷன் தான், பராமரிப்பு சைபர். அதுல ஒரு ஸ்லிங்கர வெச்சு ஏதாவது ஒரு பார்பேரியன கொன்னா ஆர்ச்சரிக்கு யுரேக்கா. டெக் முடிஞ்சதும் ஒரு ஸ்லிங்கருக்கு 60 கோல்டு குடுத்து ஆர்ச்சரா மாத்திரலாம். அதே ஆர்ச்சர நேரா கோல்டு குடுத்து வாங்கப்போனா 240 ஆகும். ரெண்டு மூணு ஸ்லிங்கர சும்மா எல்லைல உக்கார வெச்சிருக்குறதுதான் இந்த கேம்லயே மலிவான இன்சூரன்ஸ்.

வெளிய தெரியாத செலவு என்னன்னா, ஆர்ச்சருக்கு ஸோன் ஆஃப் கன்ட்ரோல் கெடையாது. அதாவது எதிரிய தடுத்து நிறுத்த மாட்டான், பக்கத்துலயே நடந்து போயி உங்க சுரங்கத்த கொளுத்துவாங்க. அதனால முன்னாடி ஒரு வாரியரோ ஸ்பியர்மேனோ நிக்கணும், குன்று மேலயோ காட்டுக்குள்ளயோ நிக்க வெச்சா ஒவ்வொண்ணுக்கும் +3, ரெண்டு டர்ன் அசையாம ஃபார்ட்டிஃபை பண்ணா +6, ஆத்துக்கு இந்த பக்கம் நின்னா இன்னும் நல்லது. குதிரப்படைக்கு ஸோன் ஆஃப் கன்ட்ரோல் எல்லாம் ஒரு விஷயமே இல்ல, நேரா தாண்டி வந்து ஆர்ச்சர் மேல விழும், அதுக்கு ஸ்பியர்மேன் தான் மருந்து, குதிரைக்கு எதிரா +10 உண்டு.

இன்னொண்ணு, ப்ரமோஷன் வந்ததும் ஆச பட்டு உடனே அமுக்காதீங்க. ப்ரமோஷன் எடுத்தா 50 எச்பி ஏறும், அடி வாங்குன பிறகு எடுத்தா அதுவே ஒரு உயிர். ஆனா எடுத்த டர்ன்ல வேற எதுவும் பண்ண முடியாது, அதையும் கணக்குல வெச்சுக்கணும்.

## மதில்

ஏன்ஷியன்ட் வால்ஸ், மேசன்ரி டெக், 80 ப்ரொடக்ஷன், பராமரிப்பு செலவு ஒண்ணும் இல்ல. பேப்பர்ல பாத்தா ஆர்ச்சர விட லாபம் மாதிரியே இருக்கும். மதில் 100 எச்பி, சிட்டிக்கு தனியா 200 எச்பி, அதுக்கு மேல சிட்டியே ஒவ்வொரு டர்னும் ரெண்டு டைல் தூரம் வரைக்கும் அம்பு விடும். வாரியர், ஸ்வார்ட்ஸ்மேன் எல்லாம் வந்து மதில்ல முட்டுனா அடியில ஒரு சின்ன பங்குதான் எறங்கும், அம்பு விட்டாலும் பாதிதான். மதில ஒடைக்கிற கேட்டபல்ட்டோ, பக்கத்துல பேட்டரிங் ராமோ இல்லாம ஏஐ மதில் வெச்ச சிட்டிய எடுக்க ரொம்ப திணறும்.

அப்புறம் ஏன் நான் மதில ரெண்டாவதா வெக்கிறேன்?

மொதல் காரணம், மதில கோல்டு குடுத்து வாங்க முடியாது. இது புது ஆளுங்களுக்கு தெரியாத விஷயம், தெரிய வரும்போது எதிரி வாசல்ல இருப்பான். புதுசா போட்ட எல்லைச் சிட்டில ப்ரொடக்ஷன் நாலோ அஞ்சோ தான் இருக்கும், 80 ப்ரொடக்ஷன்னா பதினாறுல இருந்து இருவது டர்ன். எந்த சிட்டிக்கு மதில் ரொம்ப தேவையோ அந்த சிட்டியாலதான் அத கட்ட முடியாது. பக்கத்துல காடு இருந்தா பில்டர அனுப்பி மரத்த வெட்டி அந்த ப்ரொடக்ஷன மதில்ல போடலாம், அதுதான் ஒரே குறுக்கு வழி. லைம்ஸ்னு ஒரு பாலிசி கார்டு இருக்கு, மதில் வேகத்த ரெட்டிப்பாக்கும், ஆனா அது டிஃபென்சிவ் டாக்டிக்ஸ் சிவிக்ல (கல்ச்சர வெச்சு படிக்கிற டெக் மாதிரி) வருது. அதுக்கு இன்ஸ்பிரேஷன் (சிவிக்குக்கு உள்ள யுரேக்கா) என்ன தெரியுமா? யாராவது உங்க மேல போர் அறிவிக்கணும். டைமிங்க பாருங்க.

ரெண்டாவது காரணம், சிட்டி விடுற அம்போட பலம் நீங்க வெச்சிருக்குற நல்ல தூர அடி யூனிட்ட பொறுத்தது. ஆர்ச்சரே இல்லாம ஸ்லிங்கர் காலத்துலயே நின்னுட்டு மதில் மட்டும் கட்டுனா, அது விடுற அம்பு கொசுக்கடி. சிட்டியோட சொந்த பலமும் அப்படித்தான், நீங்க இதுவரைக்கும் கட்டுன நல்ல கைச்சண்ட யூனிட்ல இருந்து 10 கொறச்சு கணக்கு போடுவாங்க, உள்ள ஒரு யூனிட் காவலுக்கு இருந்து அதோட பலம் பெருசா இருந்தா அத எடுத்துக்கும். ஆக ஆர்ச்சர், மதில் ரெண்டும் போட்டி கெடையாது, ஆர்ச்சர் ஒருத்தன் இருந்தாதான் மதிலுக்கே மதிப்பு.

மூணாவது, மதிலுக்கு வெளிய இருக்குறதுக்கு அது பெருசா பாதுகாப்பு தராது. மாட்ட வெளிய கட்டிட்டு வீட்டுக்கு மட்டும் பூட்டு போட்ட கததான். ரெண்டு டைலுக்கு அப்பால இருக்குற சுரங்கம், வயல் எல்லாம் போச்சு. அது மட்டுமில்ல, சிட்டியோட 200 எச்பி டர்னுக்கு 20 வீதம் தானா ஏறும், அதுவும் எதிரி சுத்தி வளைச்சா நின்னுரும். ஒடஞ்ச மதிலோ தானா சரியாகவே ஆகாது, தனியா ரிப்பேர் ப்ராஜெக்ட் போடணும், அதுக்கும் மூணு டர்ன் யாரும் அடிக்காம இருக்கணும்.

மதில் எங்க ஜெயிக்கும்னா, ஒரே ஒரு சிட்டி மட்டும் எதிரிய பாத்து நிக்குது, அந்த சிட்டில ப்ரொடக்ஷன் ஓரளவு இருக்கு, உங்களுக்கு கோல்டு வரத்து கம்மி, நிரந்தரமா நாலு யூனிட்டுக்கு சம்பளம் குடுக்க வழி இல்ல, அங்க மதில் போடுங்க. முதல் மதில் எஞ்சினியரிங்குக்கு யுரேக்காவும் குடுக்கும். பின்னாடி மொனார்க்கி ஆட்சிமுறை எடுக்குற ஐடியா இருந்தா ஒவ்வொரு மதில் லெவலுக்கும் 1 ஹவுசிங் (மக்கள் தொக வளர எடம்) கெடைக்கும், அது நல்ல போனஸ். ஆனா உள்நாட்டுல, எதிரி எட்டவே முடியாத சிட்டிக்கெல்லாம் மதில் கட்டுறவங்கள பாத்தா எனக்கு புரியறதே இல்ல, அந்த 80 ப்ரொடக்ஷன்ல ஒரு செட்லர் (புது சிட்டி போடுறவன்) ஏறக்குறைய வந்திருப்பான்.

## என்காம்ப்மென்ட்

ப்ரான்ஸ் வொர்க்கிங் டெக்ல தெறக்குற டிஸ்ட்ரிக்ட், அதாவது சிட்டி சென்டருக்கு வெளிய தனி டைல்ல கட்டுற பகுதி. இத சரியான எடத்துல வெச்சா எல்லைல ரெண்டாவது கோட்ட மாதிரி நிக்கும்: தனி எச்பி, தனி அம்பு, தனி ஸோன் ஆஃப் கன்ட்ரோல், எதிரி அத பிடிக்காம அந்த டைல்ல கால் வெக்க முடியாது. ரெண்டு மலைக்கு நடுவுல ஒரே ஒரு டைல் வழி இருந்து அதுல என்காம்ப்மென்ட் உக்காந்தா அந்த பக்கத்த மறந்துட்டு நிம்மதியா கேம்பஸ் (சயின்ஸ் டிஸ்ட்ரிக்ட்) கட்டலாம்.

ஆனா பாருங்க, அந்த அம்பு வரணும்னா சிட்டில மதில் கட்டியிருக்கணும். மதில் இல்லாத என்காம்ப்மென்ட் சும்மா ஒரு கட்டடம். அப்ப செலவு ரெண்டு மடங்கு. சிட்டி சென்டருக்கு ஒட்டுன டைல்லயும் கட்ட முடியாது. டெக், சிவிக் கூடக்கூட டிஸ்ட்ரிக்ட் வெலயும் ஏறிட்டே போகும்.

நெஜமான செலவு ப்ரொடக்ஷன் கூட கெடையாது, டிஸ்ட்ரிக்ட் எடம். ஒரு சிட்டிக்கு மக்கள் தொக 1-ல ஒரு டிஸ்ட்ரிக்ட், 4-ல ரெண்டு, 7-ல மூணு. சின்ன சிட்டில மொதல் எடத்த என்காம்ப்மென்ட்டுக்கு குடுத்தா கேம்பஸோ கமர்ஷியல் ஹப்போ 4 பேர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். சயின்ஸ் விக்டரிக்கு ஆடுறவங்களுக்கு இது வலிக்கும். வியட்நாமுக்கு மட்டும் இந்த வலி கெடையாது, என்காம்ப்மென்ட்டுக்கு பதிலா அவங்களுக்கு உள்ள தாங் டிஸ்ட்ரிக்ட் மக்கள் தொகக் கணக்குல வராது, பக்கத்துல டிஸ்ட்ரிக்ட் இருந்தா கல்ச்சர் வேற தரும். மேல அவங்க யூனிட்டுக்கு காடு, மழக்காடு, சதுப்புல +5, சொந்த எல்லைக்குள்ளன்னா அது ரெட்டிப்பு. எல்லைய காக்குறதுக்குன்னே செஞ்ச நாடு மாதிரி இருக்கும், பயந்த சுபாவம் உள்ளவங்க ஒரு தடவ ஆடிப்பாருங்க.

என்காம்ப்மென்ட் போட்டா கிரேட் ஜெனரல் பாயின்ட் வரும், பாரக்ஸ், ஆர்மரி, பின்னாடி மிலிட்டரி எஞ்சினியர்னு ஒரு வழி தெறக்கும். அதனால இது தற்காப்புன்னு நெனச்சு மட்டும் கட்டாதீங்க, நாளைக்கு திருப்பி அடிக்கிற எண்ணமும் இருந்தாதான் இதுக்கு போடுற வெல வரும்.

## வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி போய் அடிக்கிறது

இது பார்பேரியனுக்குன்னே உள்ள பதில், அவங்க விஷயத்துல மத்த எல்லாத்தையும் இது தூக்கி சாப்பிடும். பார்பேரியன் எப்படி வேல செய்றான்னு தெரிஞ்சா ஏன்னு புரியும். கேம்ப்ல இருந்து ஒரு ஸ்கவுட் கெளம்புவான், உங்க சிட்டிய பாத்ததும் தலைக்கு மேல ஆச்சரியக்குறி வரும், திரும்பி கேம்புக்கு ஓடுவான், அவன் போய் சேந்த பிறகுதான் கூட்டமா கெளம்பி வருவாங்க. அந்த ஒரு ஸ்கவுட்ட வழில போட்டு தள்ளுனா கூட்டமே வராது. அதுக்கு மதிலும் வேணாம், என்காம்ப்மென்ட்டும் வேணாம், அவன் திரும்பி ஓடுற வழிய மறிச்சு ஒரு வாரியரும் ஒரு ஸ்லிங்கரும் நிக்கணும், அவ்வளவுதான். குதிர பக்கத்துல இருக்குற கேம்ப்னா இன்னும் அவசரம், அங்கருந்து வர்றது குதிரப்படை.

இதோட இன்னொரு பாதி, கேம்ப் மொளைக்கிறதே யாரோட பார்வைலயும் படாத இருட்டு டைல்ல மட்டும்தான். எல்லைக்கு வெளிய குன்று உச்சில ஒரு யூனிட்ட நிறுத்தி அந்த ஏரியாவ எப்பவும் வெளிச்சமா வெச்சிருந்தா அங்க கேம்ப் வராது. ஸ்கவுட் வேல முடிஞ்சதும் அவன டெலீட் பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அவன அந்த மாதிரி எடத்துல உக்கார வெச்சு தூங்க சொல்லுங்க.

டிசிப்ளின் கார்டு போட்டா பார்பேரியனுக்கு எதிரா +5. ஆனா ஆரம்பத்துல மிலிட்டரி கார்டுக்கு எடம் ஒண்ணுதான், அதுல டிசிப்ளின் போட்டா ஆகோகே போட முடியாது, அதுதான் ஆர்ச்சர் கட்டுற வேகத்த 50 சதவீதம் ஏத்துறது. கேம்ப் தெரிஞ்சா டிசிப்ளின், பக்கத்து நாட்டுக்காரன் மூஞ்சி சரியில்லன்னா ஆகோகே. இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல. மூணு பார்பேரியன கொன்னா ப்ரான்ஸ் வொர்க்கிங்குக்கு யுரேக்கா, ஒரு கேம்ப கலைச்சா மிலிட்டரி ட்ரடிஷனுக்கு இன்ஸ்பிரேஷன், ஆக இந்த சண்டைல வரவும் இருக்கு.

ஆனா இதே வேகத்துல ஏஐ நாட்டுக்குள்ள போயி அடிக்கலாம்னு பாத்தா அது வேற கணக்கு. அவன் எல்லைக்குள்ள உங்க யூனிட் டர்னுக்கு 5 எச்பி தான் ஆறும், உங்க எல்லைக்குள்ளன்னா 15, சிட்டிக்குள்ளன்னா 20. எல்லைய காக்குற சண்டைய உங்க மண்ணுல வெச்சுக்கிறதுக்கு இதுவே போதுமான காரணம்.

## நட்பு

சிரிக்காதீங்க, செலவு கணக்குல பாத்தா இதுதான் எல்லாத்தையும் விட மலிவு. ஒரு தலைவர சந்திச்ச அதே டர்ன்ல 25 கோல்டு குடுத்து டெலிகேஷன் (தூதுக்குழு) அனுப்புங்க. ரெண்டு மூணு டர்ன் தள்ளிப்போட்டா அதுக்குள்ள அவன் அஜெண்டா (அவனுக்கு பிடிச்சது, பிடிக்காதது) எதுலயாவது உங்க மேல கடுப்பாகி வாங்க மாட்டேன்னுருவான். அப்புறம் ஒரு ட்ரேட் ரூட், கொஞ்சம் அவன் அஜெண்டாவுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிறது, நட்பு அறிவிப்பு கெடச்சிருச்சுன்னா 30 டர்னுக்கு அவன் உங்க மேல போர் அறிவிக்கவே முடியாது. நாலு ஆர்ச்சருக்கு 240 ப்ரொடக்ஷன். இது 25 கோல்டு.

எங்க சிக்கல்னா, எல்லாரும் நண்பனாக மாட்டாங்க. கில்கமெஷ் பக்கத்துல இருந்தா அதிர்ஷ்டம், அவர் நட்புக்கு உசுர குடுப்பார், அவரோட நண்பர்கள திட்டாம இருந்தா போதும். மொக்டெசுமாவுக்கு அவர்கிட்ட இல்லாத லக்சுரி உங்ககிட்ட இருந்தா கண்ணு உறுத்தும். அலெக்சாண்டருக்கு நீங்க யார்கூடவும் சண்ட போடாம அமைதியா இருக்குறதே பிடிக்காது, அவர்கிட்ட நல்ல பேரு வாங்கணும்னா வேற யார் மேலயாவது போர் அறிவிக்கணும். இந்த மாதிரி ஆள் பக்கத்துல இருந்தா டெலிகேஷனுக்கு போற 25 கோல்ட ஸ்லிங்கர அப்கிரேட் பண்ண சேத்து வெக்கலாம்.

வெளிய தெரியாத செலவு ரெண்டு. ஒண்ணு, 30 டர்ன் முடியற டர்ன குறிச்சு வெச்சு உடனே புதுப்பிக்கணும், விட்டா அந்த இடைவெளில வந்து நிப்பான். ரெண்டாவது, நட்பு இருக்குன்னு பட கட்டாம விட்டுருவோம், மிலிட்டரி ஸ்ட்ரெங்த் தரைல கெடக்கும், அத பாத்து வேற ஒருத்தன் வருவான். நட்பு ஒரு பக்க எல்லைய மூடும், மிச்ச பக்கத்துக்கு ஆள் வேணும்.

எர்லி எம்பயர் சிவிக் பத்தியும் சொல்லணும். அது வர்ற வரைக்கும் உங்க எல்லைக்குள்ள யார் வேணா போர் இல்லாமலே நடந்து வரலாம், அவங்க யூனிட் உங்க சிட்டிக்கு ஒட்டி நின்னுட்டுதான் போரே அறிவிப்பாங்க. அந்த சிவிக் வந்ததும் எல்லை மூடிரும், உள்ள வரணும்னா ஒண்ணு ஓபன் பார்டர்ஸ் கேக்கணும் இல்ல போர் அறிவிக்கணும். எல்லைக்கும் சிட்டிக்கும் நடுவுல உள்ள அந்த ரெண்டு டைல் தூரம் ஆர்ச்சருக்கு ஒரு முழு டர்ன் அம்பு. கொஞ்சம் கோல்டுக்காக கண்டவனுக்கும் ஓபன் பார்டர்ஸ் விக்கிறவங்க இத யோசிச்சுக்கங்க.

## கோட்ட, சீனச் சுவர் வகையறா

சீக்கிரம் சொல்லிட்டு போயிடுறேன். ஃபோர்ட் கட்ட சீஜ் டாக்டிக்ஸ் டெக் வேணும், ஆர்மரி வேணும், மிலிட்டரி எஞ்சினியர் வேணும், இவ்ளோ பண்ணி கெடைக்கிறது உள்ள நிக்கிறவனுக்கு +4, அதோட வந்ததுமே ரெண்டு டர்ன் ஃபார்ட்டிஃபை ஆன மாதிரி பலம். அதுக்குள்ள கேம் எங்கயோ போயிருக்கும். ரோம் மட்டும் விதிவிலக்கு, அவங்களோட லீஜன் வீரன் தானே கட்டிக்குவான். சீனாவோட கிரேட் வாலுக்கும் உள்ள நிக்கிறவனுக்கு பலம் உண்டு, ஆனா நெஜத்துல எல்லாரும் அத கட்டுறது கோல்டுக்கும் பின்னாடி வர்ற கல்ச்சருக்கும்தான். ஒவ்வொரு டைல்லயும் ஆள் நிறுத்த யாருகிட்ட பட இருக்கு?

விக்டர்ங்கிற கவர்னர (ஒரு சிட்டிக்கு நியமிக்கிற அதிகாரி) இந்த லிஸ்ட்ல சேக்கலாம், அவர் உண்மைலயே பிரயோஜனம். மத்தவங்க ஒரு சிட்டில செட் ஆக 5 டர்ன், இவருக்கு 3 தான், சிட்டிக்கு +5 பலம். எந்த பக்கம் அடி விழுதோ அங்க தூக்கி போடலாம்.

## சரி, யாருக்கு எது?

எதிரி ஏற்கனவே கண்ணுல பட்டுட்டான், அஞ்சாறு டர்ன்ல வந்துருவான்னா வேற பேச்சே இல்ல, இருக்குற எல்லா கோல்டும் ஸ்லிங்கர ஆர்ச்சரா மாத்துறதுல போகணும், மிச்சம் இருந்தா முன்னாடி நிக்க ஒருத்தன். அந்த நேரத்துல மதில கட்ட ஆரம்பிக்கிறது கண்ண மூடிட்டு வேண்டிக்கிறதுதான்.

பத்து பதினஞ்சு டர்ன் இருக்கு, அடி வாங்கப்போற சிட்டி எதுன்னு தெளிவா தெரியுது, அதுல ப்ரொடக்ஷன் 8-க்கு மேலன்னா அங்க மட்டும் மதில், கூட ரெண்டு ஆர்ச்சர். இதுதான் பெரும்பாலான கேமுக்கு என்னோட பதில். எம்பரர் லெவல் வரைக்கும் இது தாராளமா தாங்கும்.

மேப்ப பாத்தா ரெண்டு மலைக்கு நடுவுல ஒரே வாசல், பக்கத்துல இருக்குறவன் கேம் முழுக்க தொல்ல குடுக்கப்போறான், நீங்களும் என்னைக்காவது அவன் நாட்ட எடுக்கத்தான் போறீங்கன்னா என்காம்ப்மென்ட். வாசல் மூணு நாலு இருந்தா அந்த பக்கமே போகாதீங்க, ஒரு வாசல மூடி மத்தத தெறந்து வெச்சு என்ன லாபம்.

பக்கத்துல யாருமே இல்ல, பார்பேரியன் மட்டும்தான்னா வெளிச்சம் போடுற ஸ்கவுட், ஸ்கவுட்ட வேட்டையாடுற வாரியர், ஒரு ரெண்டு ஸ்லிங்கர். மதிலுக்கு ஒதுக்குற ப்ரொடக்ஷன்ல செட்லர் போடுங்க, அந்த காலி எடத்த நீங்க எடுக்கலைன்னா வேற ஒருத்தன் எடுப்பான், அப்புறம் அவன்தான் உங்க எல்லைப் பிரச்சன.

ரெண்டு பக்கமும் நாடு இருந்து பட ஒரு பக்கத்துக்குத்தான் பத்தும்னா, யார் நண்பனாக வாய்ப்பு அதிகமோ அவன்கிட்ட 25 கோல்டு, இன்னொருத்தன் பக்கம் மொத்த ஆர்ச்சரும். ரெண்டு பக்கமும் பாதி பாதியா பிரிச்சா ரெண்டு பக்கமும் பத்தாது, இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க. நடுவுல ஏதாவது சிட்டி ஸ்டேட் (ஒரே சிட்டி உள்ள குட்டி நாடு) இருந்து நீங்க அதுக்கு சூசரெய்ன்னா (அது மேல செல்வாக்கு உள்ள தலைவர்னா), அவசரத்துக்கு அவங்க படைய 30 டர்னுக்கு கோல்டு குடுத்து வாடகைக்கு எடுக்கலாம், சண்ட முடிஞ்சதும் பராமரிப்பு தலவலி இல்லாம திருப்பி குடுத்துடலாம்.

ஸ்டீல் டெக் எடுத்துட்டா மதில் பத்தின விவாதமே முடிஞ்சுது, எல்லா சிட்டிக்கும் 400 எச்பி அர்பன் டிஃபென்ஸ் சும்மாவே வந்துரும். ஆனா அந்த காலத்துல ஆபத்து தரைல இருந்து வராது, எதிரிகிட்ட பாம்பர் இருக்கான்னு பாருங்க, அவன் அலுமினியம் எங்கருந்து எடுக்குறான்னு பாருங்க, முடிஞ்சா மொதல் வேலையா அந்த சுரங்கத்த போய் பில்லேஜ் பண்ணுங்க.